அரஃபா நோன்பும் என் கணவரின் சுகரும்: ஜித்தா சகோதரிக்கு ஒரு பதில்

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் டாக்டர். எங்களுக்கு ஊர் கீழக்கரை. பல வருடமாகக் குடும்பத்தோடு ஜித்தாவில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு 54 வயது. சுகர் வந்து 12 வருடம் ஆகிறது. ஃப்ரீசர் வண்டியில் ஹோட்டல்களுக்குக் கோழி, இறைச்சி கொண்டுபோய் இறக்கும் வேலை. காலையில் கிளிமிபிரைடு 4 மி.கி., காலையும் இரவும் மெட்ஃபார்மின் போடுகிறார். கடைசியாக எடுத்த டெஸ்டில் மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் எச்பிஏ1சி 8.3, கிட்னிக்குப் பார்க்கும் இஜிஎஃப்ஆர் 54. ரமலானில் ஒரு நோன்புகூட விடவில்லை. ஒருநாள் அஸர் (பிற்பகல் தொழுகை) நேரத்துக்குப் பிறகு வண்டி ஓட்டும்போது கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, ரோடு இரண்டாகத் தெரிந்திருக்கிறது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு மஃரிப் (சூரியன் மறையும் நேரம்) வரை அப்படியே உட்கார்ந்திருக்கிறார். நோன்பைத் திறக்கவில்லை. பெருநாள் கழிந்து அவருடைய கூட்டாளி சொல்லித்தான் எனக்கே தெரியும். இப்போது ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தைய நாள் வரும் அரஃபா நோன்பு வைக்கப்போகிறேன் என்கிறார். அன்று பெருநாள் சரக்கு இருப்பதால் வேலையும் உண்டு. வேண்டாம் என்றால், "ரெண்டு வருஷப் பாவத்துக்குப் பரிகாரமான நோன்பை விடச் சொல்றியா?" என்று கோபப்படுகிறார். ஊரிலிருந்து மாமியும், "ஒரு நாள்தானே, வைக்கட்டும்" என்கிறார்கள். அன்று மட்டும் மாத்திரையை நிறுத்திவிட்டு வைக்கலாமா?

பதில்: வ அலைக்குமுஸ்ஸலாம் சகோதரி. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த வருடம் அவர் அரஃபா நோன்பு வைக்க வேண்டாம். மாத்திரையை ஒருநாள் நிறுத்துவது இதற்கு வழியும் அல்ல. நீங்கள் பயப்படுவது நியாயம்தான். உங்கள் கடிதத்தில் "ரோடு இரண்டாகத் தெரிந்தது" என்ற இடத்தைப் படித்தபோது எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

அன்று அவருக்கு வந்தது நோன்புக் களைப்பு அல்ல. சர்க்கரை இறங்கிவிட்டது. சர்க்கரை குறையும்போது உடல் முதலில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு என்று எச்சரிக்கும். பார்வை மங்குவதும் இரண்டாகத் தெரிவதும் அதற்கு அடுத்த கட்டம். மூளைக்கே போதுமான குளுக்கோஸ் போகவில்லை என்று அர்த்தம். அதற்கும் அடுத்த கட்டத்தில் குழப்பம் வரும், பிறகு வலிப்பு, மயக்கம். குழப்பம் வந்துவிட்டால், தனக்கு ஏதோ ஆகிறது என்பதே அந்த ஆளுக்குத் தெரியாது. அவர் வண்டியை நிறுத்தியது பெரிய விஷயம். அல்ஹம்துலில்லாஹ், அந்த அளவுக்கு நிதானம் மிச்சம் இருந்திருக்கிறது. ஆனால் அதன் பிறகு தனியாக, வண்டிக்குள், எதுவும் சாப்பிடாமல் மஃரிப் வரை இருந்தது உயிரைப் பணயம் வைத்த காரியம். இன்னொரு முறை நிறுத்த நேரம் கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. சாலையில் அவர் ஒருவர் மட்டும் போவதும் இல்லையே.

ஏன் இறங்கியது என்பதை அவரிடம் நீங்களே விளக்கிச் சொல்லலாம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடு வேறு மாதிரி. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது, வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை. அதன் வேலை ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க நீடிக்கும். சிறுநீரகத்தின் திறன் குறையக் குறைய மருந்தின் வீரியம் உடலில் இன்னும் அதிக நேரம் தங்கும். இஜிஎஃப்ஆர் 54 என்பது அவருக்கு அந்தக் குறைவு தொடங்கிவிட்டது என்று காட்டுகிறது. இதே வகையைச் சேர்ந்த பழைய மாத்திரையான கிளிபென்கிளமைடைவிட கிளிமிபிரைடு பரவாயில்லைதான். ஆனால் 4 மி.கி. சின்ன அளவு கிடையாது.

இனி "ஒரு நாள்தானே" என்ற பேச்சுக்கு வருகிறேன். இந்த ஒரு வார்த்தைதான் பல வீடுகளில் ஆபத்தைச் சின்னதாக்கிக் காட்டுகிறது. மருத்துவக் கண்ணில் பார்த்தால், சுகர் உள்ளவருக்கு ஒற்றை நோன்பு ரமலானைவிட எளிது என்று சொல்லவே முடியாது. ரமலானில் மாத்திரையின் நேரத்தையும் அளவையும் மாற்றி, முதல் நாலைந்து நாள் அளந்து பார்த்து, கூட்டிக் குறைத்து ஒரு வழிக்குக் கொண்டுவர அவகாசம் உண்டு. ஒற்றை நோன்பில் அந்த அவகாசமே கிடையாது. முந்தைய நாள் காலையில் போட்ட கிளிமிபிரைடு ஃபஜ்ர் (விடியற்காலைத் தொழுகை) நேரத்திலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். சரி, முந்தைய நாளே நிறுத்திவிடலாம் என்று எல்லா மாத்திரையையும் விட்டால், 8.3இல் இருக்கிற மனிதருக்குச் சர்க்கரை மேலே ஏறும். ஏறினால் சிறுநீர் அதிகம் போகும். தண்ணீர் குடிக்காத நாளில், அந்த வெயிலில், உடல் வறண்டுவிடும். அது சிறுநீரகத்துக்கு நல்லதல்ல. இந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் போனாலும் அடி அவருக்குத்தான்.

இது என் தனிப்பட்ட பயம் இல்லை என்பதையும் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். 13 நாடுகளில் 12,000க்கும் மேற்பட்ட நீரிழிவாளர்களிடம் 2001இல் எபிடியார் என்ற ஆய்வு நடந்தது. டைப் 2 சுகர் உள்ளவர்களுக்குக் கடுமையான சர்க்கரை இறக்கம் மற்ற மாதங்களைவிட ரமலானில் ஏழரை மடங்கு கூடியதை அது காட்டியது. அதன் பிறகுதான் நோன்புக்கென்றே தனி மருத்துவ வழிகாட்டிகள் வளர்ந்தன. சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பும், நீரிழிவும் ரமலானும் பற்றிய டார் கூட்டமைப்பும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு புள்ளிக் கணக்கு இருக்கிறது. எத்தனை வருடமாகச் சுகர், என்ன மருந்து, சர்க்கரை எத்தனை முறை இறங்கியது, சிறுநீரகம் எப்படி, உடல் உழைப்பு எவ்வளவு, போன ரமலான் எப்படிப் போனது என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி. 3 வரை ஆபத்து குறைவு, 3.5 முதல் 6 வரை நடுத்தரம், 6க்கு மேல் போனால் அதிகம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் கணவர் 6ஐத் தாண்டுகிறார். ஃபர்ளான (கட்டாயக் கடமையான) ரமலான் நோன்புக்கே வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்லும் பிரிவு அது.

அந்த நாளையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அரஃபா வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்கிறது. 2024இல் ஜூன் 15, 2025இல் ஜூன் 5, 2026இல் மே இறுதி. ஜித்தாவில் அந்தச் சமயத்தில் ஃபஜ்ர் முதல் மஃரிப் வரை ஏறக்குறைய 15 மணி நேரம். கடற்கரை ஊரின் புழுக்கம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2024 ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 51.8 டிகிரியைத் தொட்டது, 1,300க்கும் மேற்பட்ட ஹாஜிகள் இறந்துபோனார்கள். அவர் ஹாஜி அல்ல, மக்காவிலும் இல்லை, சரி. ஆனால் ஃப்ரீசரின் குளிருக்கும் வெளி வெயிலுக்கும் மாறி மாறிப் பெட்டி தூக்கி இறக்குகிறவர். அந்த உழைப்பும் சர்க்கரையை இறக்கும்.

இதை எல்லாம் சொன்ன பிறகும், "ரெண்டு வருஷப் பாவம்" என்று அவர் கேட்ட கேள்வி அப்படியே நிற்கும் என்று தெரியும். அதைத் தட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. நான் ஆலிமா (மார்க்க அறிஞர்) அல்ல, ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுக்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனால் நானும் அந்த நோன்பை ஆசையோடு வைக்கிறவள்தான். அரஃபா நோன்பு போன வருடத்துக்கும் வரும் வருடத்துக்கும் பரிகாரமாகும் என்ற ஹதீஸ் (நபிமொழி) முஸ்லிம் தொகுப்பில் இருக்கிறது. அவர் அதைப் பிடித்துக்கொண்டிருப்பதில் தவறே இல்லை. அதோடு இன்னும் இரண்டு ஹதீஸ்களையும் அவர் முன்னால் வையுங்கள். ஒன்று, ஒரு அடியான் நோயாளியானாலும் பயணம் போனாலும், ஆரோக்கியமாக ஊரில் இருந்தபோது செய்துவந்த அமல்களுக்கான நன்மை அவனுக்கு எழுதப்படுகிறது என்று புகாரி தொகுப்பில் வருவது. இத்தனை வருடம் அரஃபா நோன்பு வைத்துவந்தவருக்கு இதைவிட என்ன ஆறுதல் வேண்டும்? இன்னொன்று, நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களே ஹஜ்ஜின்போது அரஃபா மைதானத்தில் நின்ற நாளில் நடந்தது. நோன்பு வைத்திருக்கிறார்களா இல்லையா என்று மக்களுக்குள் பேச்சு வந்தபோது, நபித்தோழி உம்முல் ஃபள்ல் ரளியல்லாஹு அன்ஹா ஒரு கோப்பை பால் கொடுத்தனுப்பினார்கள். ஒட்டகத்தின் மேல் இருந்தபடியே அதை அவர்கள் குடித்தார்கள். ஹாஜிகளுக்கான சட்டம் வேறுதான். ஆனால் அந்த மைதானத்தில் நிற்கிறவர்கள் அன்று சாப்பிட்டுக் குடித்துத் தெம்போடு துஆ கேட்கிறார்கள் என்பதை அவர் யோசிக்கட்டும்.

இது சுன்னத்தான நோன்பு. விட்டால் குற்றமில்லை, களாவும் (பின்னால் ஈடாக வைப்பதும்) இல்லை. ஃபர்ளு நோன்பிலேயே நோயாளிக்குச் சலுகை தந்த மார்க்கம் இது. "உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள்" என்ற அல்பகரா 195ஆம் வசனத்தை நோன்பும் நோயும் பற்றிப் பேசும்போது உலமாக்கள் எடுத்துச் சொல்வது உண்டு. ஜித்தாவில் தலைமையகம் உள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாடமி 2009இல் நீரிழிவாளர்களின் நோன்பைத் தனியாகவே எடுத்துப் பேசி, ஆபத்து உறுதியாக இருப்பவர்கள் நோன்பு வைக்கக் கூடாது என்றது. உங்கள் பகுதியில் தமிழில் பயான் செய்யும் ஆலிம் ஒருவரிடம் அவரையே அழைத்துப் போங்கள். ரமலானில் வண்டியில் நடந்ததை மறைக்காமல் சொல்லிக் கேட்கட்டும். மனைவி சொல்வதைவிட, டாக்டர் சொல்வதைவிட, அந்த வாயிலிருந்து வருவது அவருக்குள் இறங்கும்.

அவருடைய கோபத்துக்கு அடியில் வேறொன்றும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஊரே நோன்பாக இருக்கும் நாளில், கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் மஃரிபுக்குப் பேரீத்தம்பழத்தைக் கையில் வைத்துக் காத்திருக்கும்போது, தான் மட்டும் காலையிலேயே சாப்பிட்டவன் என்ற கூச்சம். ஆண்கள் இதை வெளியே சொல்ல மாட்டார்கள். நோன்பை விடு என்று மட்டும் சொன்னால் அந்த நாளே அவர் கையிலிருந்து பறிபோன மாதிரி இருக்கும். அதனால் அந்த நாளை அவர் கையில் கொடுங்கள். நோன்பாளிக்கு நோன்பு திறக்கக் கொடுத்தவருக்கு அந்த நோன்பாளிக்குக் கிடைக்கும் நன்மை போன்றே கிடைக்கும் என்று ஹதீஸ் இருக்கிறது. அன்று கம்பெனி ரூமில் இருக்கும் அத்தனை பேருக்கும் இஃப்தார் உங்கள் வீட்டிலிருந்து போகட்டும். கஞ்சி, வடை, பழம், எது முடிகிறதோ அது. கொண்டுபோய்ப் பரிமாறுவது அவராக இருக்கட்டும். ஃபஜ்ர் முதலே தக்பீர் சொல்லும் நாள் அது. துஆக்களில் சிறந்தது அரஃபா நாளின் துஆ. வண்டி ஓட்டிக்கொண்டே நாவால் திக்ரு செய்ய வயிறு காலியாக இருக்க வேண்டியதில்லை.

"நோன்பு வைக்காதீங்க" என்று தொடங்காதீர்கள். "அன்னைக்கு ரோட்ல உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா நானும் பிள்ளைகளும் இந்த ஊர்ல என்ன பண்ணுவோம்?" என்று கேளுங்கள். அதுதான் உங்கள் மனதில் உள்ளது, அதையே சொல்லுங்கள். மாமியிடம் ரமலானில் நடந்ததை அவரையே போனில் சொல்லச் சொல்லுங்கள். மகனுக்கு ரோடு இரண்டாகத் தெரிந்தது என்று கேட்ட எந்தத் தாயும் "வைக்கட்டும்" என்று சொல்ல மாட்டார். ஊரில் பிறைக் கணக்கு பெரும்பாலும் ஒரு நாள் தள்ளி வருவதால் மாமி நோன்பு வைப்பது அங்கே உங்களுக்குப் பெருநாளாக இருக்கும்போது. "சரி, ஊரோடு சேர்ந்து மறுநாள் வைக்கிறேன்" என்று இவர் சொன்னால் அதுவும் முடியாது, பெருநாளில் நோன்பு கூடாது.

இவ்வளவுக்கும் பிறகு அவர் பிடிவாதமாக வைத்தே தீருவேன் என்றால்? அதற்கும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் சொல்லாமல் வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். கம்பெனி இன்சூரன்ஸில் போகும் டாக்டரை இந்த வாரமே பார்க்க வேண்டும். அந்த நாளுக்கு என்ன மாத்திரை, எவ்வளவு, எப்போது என்பதை அவரை நேரில் பார்க்கும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். கடிதத்தை வைத்து நான் அளவு எழுதுவது சரியல்ல. அன்று அவர் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது, பெட்டி தூக்கவும் கூடாது. தனியாக இருக்கவே கூடாது. சஹரை (விடியலுக்கு முந்தைய சாப்பாட்டை) ஃபஜ்ர் பாங்குக்குக் கொஞ்சம் முன்பு வரை தள்ளி, நன்றாகச் சாப்பிட வேண்டும். காலை, லுஹர், அஸர், மஃரிபுக்கு முன் என்று விரலில் குத்திப் பார்க்க வேண்டும். அதனால் நோன்பு முறியாது. சிகிச்சைக்காகப் போடும் ஊசி, டெஸ்டுக்கு எடுக்கும் ரத்தம் எதுவும் நோன்பை முறிக்காது என்று அதே ஃபிக்ஹ் அகாடமி 1997இலேயே சொல்லிவிட்டது. மீட்டர் 70க்குக் கீழே காட்டினால், அல்லது 300க்கு மேலே காட்டினால், மஃரிபுக்குப் பத்து நிமிடமே இருந்தாலும் நோன்பைத் திறந்துவிட வேண்டும். நடுக்கமும் வியர்வையும் வந்துவிட்டால் மீட்டரைத் தேடிக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

இறங்கினால் என்ன செய்வது என்பது நோன்பு இல்லாத நாளுக்கும் அவருக்கு வேண்டியது, வண்டி ஓட்டுகிறவர் ஆயிற்றே. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம், அல்லது அரை கிளாசுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பழ ஜூஸ். சாக்லேட் வேண்டாம், அதிலிருக்கும் கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்துத் திரும்ப அளந்து பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. சரியான பிறகு ஏதாவது சாப்பிட வேண்டும், கிளிமிபிரைடு திரும்பவும் இழுக்கும். அளவு இயல்புக்கு வந்தாலும் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வண்டியை எடுக்கலாம். மூளை தெளிய அவ்வளவு நேரமாகும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். 997க்கு, செம்பிறை ஆம்புலன்ஸுக்கு, உடனே அடியுங்கள். சந்தேகம் கேட்க 937 இருக்கிறது. இரண்டையும் அவர் போனிலும் கூட்டாளி போனிலும் பதிந்து வையுங்கள்.

அரஃபாவைத் தாண்டியதும் நிம்மதியாகிவிடாதீர்கள். ஹஜ்ஜுப் பெருநாள் காலையில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. அன்று தொழுது முடித்த பிறகு சாப்பிடுவது சுன்னத். சூரியன் உதித்த கொஞ்ச நேரத்தில் உங்களுக்குத் தொழுகை. அவர் வழக்கம்போல விடியலில் கிளிமிபிரைடைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு தொழப் போய், அங்கிருந்து குர்பானிக்காக மஸ்லகில் (ஆடு மாடு அறுக்கும் கூடத்தில்) வரிசையில் நின்றால், பதினோரு மணிக்கு அவருக்கு அதே நடுக்கம் வரும். ஜித்தாவில் நான் வேலை பார்த்தபோது பெருநாள் முற்பகலில் இப்படி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மாத்திரை சாப்பாட்டோடுதான் போக வேண்டும். தொழுது வந்து, எதுவானாலும் சாப்பிட உட்கார்ந்த பிறகு போடட்டும். மஸ்லகுக்குப் போவதாக இருந்தால் சாப்பிட்டுவிட்டே போகட்டும், சட்டைப் பையில் நாலு பேரீத்தம்பழம் இருக்கட்டும்.

இறைச்சியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருப்பீர்கள் என்று தெரியும். சாப்பிடட்டும், பெருநாள்தானே. அவரைச் சிக்க வைப்பது இறைச்சியைவிட அதோடு வரும் நெய்ச்சோறும் வட்டிலப்பமும் கப்சாவும், ஒவ்வொரு வீட்டிலும் நீட்டும் ஜூஸும்தான். சிறுநீரகம் இந்த நிலையில் இருப்பதால் நாலு நாளும் மூன்று வேளையும் கறி என்பதை மட்டும் தவிர்க்கப் பாருங்கள்.

வேலை பற்றி ஒரு வார்த்தை. சவூதி தொழிலாளர் சட்டப்படி தனியார் துறைக்கு ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை அரஃபா நாளிலிருந்தே நாலு நாள். அந்த நாட்களில் வேலை வாங்கினால் ஒவ்வொரு மணி நேரமும் ஓவர்டைம் கணக்கில் வரும். சூப்பர்வைசரிடம் கேட்டு அரஃபா அன்று லீவை எடுத்துக்கொண்டு வேறொரு நாள் மாற்றிக் கொடுக்க முடிந்தால், வெயிலும் வண்டியும் இல்லாமல் அவர் வீட்டில் அமர்ந்து மனம்விட்டு துஆ செய்யலாம். நோன்பு இல்லாவிட்டாலும் அந்த நாளை அப்படிக் கழிக்க அவருக்கு உரிமை உண்டு.

எனக்கு இந்த அரஃபாவைவிட அடுத்த ரமலான்தான் பெரிய கவலை. அது ஃபர்ளு, அவர் விடச் சம்மதிக்க மாட்டார், இப்போதிருக்கும் மருந்தோடு மறுபடி வைத்தால் மறுபடி இறங்கும். பெருநாள் முடிந்த வாரமே டாக்டரைப் பார்த்து, ரமலானில் நடந்ததைச் சொல்லி, கிளிமிபிரைடுக்குப் பதிலாகச் சர்க்கரையை அவ்வளவாக இறக்காத மருந்து தர முடியுமா என்று கேளுங்கள். சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் வகை மாத்திரைகள் அப்படிப்பட்டவை. இஜிஎஃப்ஆரைப் பார்த்து எது பொருந்தும் என்று அவர் சொல்வார். டாபாகிளிஃப்ளோசின் மாதிரியான மாத்திரையைத் தொடங்கினால் அதை ரமலானை ஒட்டித் தொடங்க வேண்டாம், உடலில் நீர் குறையும், முன்கூட்டியே தொடங்கிப் பழக வேண்டும். எச்பிஏ1சி, இஜிஎஃப்ஆர் இரண்டையும் மூன்று மாதத்தில் திரும்பப் பாருங்கள். கண்ணின் விழித்திரையையும் பார்த்துவிடுங்கள், 12 வருடச் சுகருக்கு அது வருடா வருடம் வேண்டியது. ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பு அந்த ரிப்போர்ட்டுகளோடு டாக்டரிடம் உட்கார்ந்து, இந்த முறை நோன்பு வைக்கலாமா, ஃபித்யா (நோன்புக்கு ஈடாக ஏழைக்கு உணவு) கொடுக்க வேண்டிய நிலையா என்று பேசுங்கள். நீங்களும் கூடப் போங்கள். வண்டியில் நடந்ததை அவர் சொல்லாமல் விட்டால் நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும்.